நான்காவது பெயர்

1 பிப்ரவரி 2018, வியாழன்

இன்று நான் சொல்லாதது: "இல்லை பிரோஷ்கா, உங்கள் தங்கை எழவில்லை."

சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த யூதப் படுகொலை நினைவகம் எனக்குச் சம்பளம் தருகிறது. நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பியவர்களைப் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் பேச அழைத்து வருவது, தன்னார்வலர்களுக்கு முறை போடுவது, பேச்சில் தேதியும் ஊரும் பிசகாமல் பார்த்துக்கொள்வது.

வியாழக்கிழமைகள் பிரோஷ்கா வாமோஷுடையவை. எண்பத்தொன்பது வயது. அவர் பேச்சு எனக்கு மனப்பாடம். ஹங்கேரியில் அவர்கள் ஊர், ரயில், அவுஷ்விட்ஸ் வதைமுகாம். அப்பாவும் அம்மாவும் தம்பி லாசியும் சாவுக்கு அனுப்பப்பட்ட வரிசை, தானும் தங்கை எஸ்தியும் வேலைக்கு அனுப்பப்பட்ட வரிசை. பிறகு போரின் கடைசி ஏப்ரலில் காவலர்கள் அவர்களை ஓட்டிக்கொண்டு போன சாலை. அந்தச் சாலைக்கு மட்டும் இரண்டே வாக்கியம். "என் தங்கச்சி உக்காந்தா. எழுந்திரிக்கல." யார் கேட்டாலும் அதற்குமேல் சொன்னதில்லை.

இன்று சொன்னது: "என் தங்கச்சி உக்காந்துட்டா. நான் கையப் புடிச்சு இழுத்து நிக்க வச்சேன். ரெண்டு பேருமா நடந்தோம்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த இடத்தில் யாரும் கை தட்டி நான் கேட்டதே இல்லை.

பிரோஷ்காவுக்குக் கோட்டு மாட்டிவிட்டேன். "இன்னைக்கு நல்லாப் பேசினேன் இல்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

8 பிப்ரவரி

தவறிச் சொல்லிவிட்டார் என்று வாரம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றும் அதே. கை பிடித்தார், நிற்க வைத்தார், நடந்தார்கள்.

முன்வரிசையில் ஓரத்து நாற்காலி டோரிஸுடையது. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. பதினோரு வருஷமாகப் பிரோஷ்காவைக் காரில் கூட்டிவந்து, தண்ணீர் வைத்து, கூட்டிப்போகிறவர். பேசுகிறவர் எதையாவது மாற்றிச் சொன்னால் முன்வரிசைக்காரர் ஒரு விரலை உயர்த்த வேண்டும், பேசுகிறவர் நிறுத்தித் திருத்திச் சொல்வார். இது எங்கள் வழக்கம். நான் சேருவதற்கு முன்னால் ஒரு பெரியவர் வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட, எவனோ அதைப் படம் பிடித்து, 'பாருங்கள், எல்லாமே கட்டுக்கதை' என்று இணையத்தில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து இந்த விரல்.

சாலை வந்ததும் டோரிஸ் விரலை உயர்த்தினார். பிரோஷ்கா நிறுத்தினார்.

"என்ன டோரிஸ், பாத்ரூமா? போயிட்டு வா. நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்."

அறை முழுக்கச் சிரிப்பு. விரல் இறங்கிவிட்டது.

பிறகு டோரிஸ் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "நீ சொல்லு ரேனா. என்னால ஆகாது. எங்க தாத்தா வீட்டுல பேசின அதே ஜெர்மன் பாஷையிலதான் இவங்கள நடங்கடின்னு விரட்டுனானுங்க. நான் போயி உன் தங்கச்சி செத்துட்டான்னு சொல்லணுமா? நானா?"

அப்படியென்றால் நானா?

15 பிப்ரவரி

இன்றைய பேச்சில் எஸ்தி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாள்.

22 பிப்ரவரி

கசகசா வைத்துச் சுருட்டிய கேக் கொண்டுவந்திருந்தார். அவரே செய்ததுதான். கை எதையும் மறக்கவில்லை. சர்க்கரை சரியாக இருந்தது.

"தின்னு. எலும்பும் தோலுமா இருக்க. எவனையாவது பாத்தியா இல்லையா?"

"நேரமே இல்ல பிரோஷ்கா."

"எப்படி இருக்கும்? இந்த வேலையில செத்தவங்களத் தவிர யாரையும் பாக்கறதில்ல நீ. மிச்சம் இருக்கறது நான். நானும் உனக்குச் சரிப்பட மாட்டேன்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு கேக்கில் ஒரு துண்டைக் டிஷ்யூ காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். "இது எஸ்திக்கு. ஏரிக்கரையில அவ்வளவு பெரிய வீடு, ஒரு ஃபோன் பண்ணத்தான் அவளுக்கு விரல் இல்ல. சின்னதுலேயே அப்படித்தான், தன்னைப் பத்திதான் நெனப்பு."

எழுபது வருஷமாகச் செத்தவளாக இருந்த ஒருத்தி மேல் அவர் இப்போதுதான் முதல் தடவையாக எரிச்சல்படுகிறார். ஒரு தங்கைமேல் படக்கூடிய சாதாரண எரிச்சல். அதைப் பார்க்க — எப்படி எழுதுவது — பொறாமையாகக்கூட இருந்தது. எனக்கு உடன்பிறந்தவர் இல்லை.

1 மார்ச்

இயக்குநர் கெயில் கூப்பிட்டார். வந்த பள்ளியின் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: சுவரில் எஸ்தியின் படத்துக்குக் கீழே '1945இல் கொல்லப்பட்டாள்' என்று இருக்கிறதே, எது சரி?

கெயில் கெட்டவர் இல்லை. அவருடைய அம்மாவின் வீட்டாரும் அந்தச் சுவரில்தான் இருக்கிறார்கள்.

"எனக்கு மட்டும் கல்லு மனசா ரேனா? ஆனா எதுவுமே நடக்கலைங்கறவனுங்களுக்கு ஒரே ஒரு பொய் போதும். அதை வச்சு மிச்ச எல்லாத்தையும் பொய்யாக்கிடுவானுங்க."

"அது பொய் இல்ல கெயில்."

"பின்ன என்ன?"

நினைவைப் பற்றியும் சாட்சியத்தைப் பற்றியும் இரண்டு அலமாரி நிறையப் படித்திருக்கிறேன். ஒரு பக்கம்கூட உதவிக்கு வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பிரோஷ்காவுக்குப் பதிலாக அவருடைய பழைய ஒளிப்பதிவைப் போடுவது என்று முடிவானது. ஏழு வருஷத்துக்கு முன் எடுத்தது. அதில் எஸ்தி எழவில்லை.

6 மார்ச்

அரிசோனாவிலிருந்து பிரோஷ்காவின் மகன் ஜெரால்ட் பேசினார். நான்தான் செய்தி விட்டிருந்தேன்.

"டாக்டர் எல்லாம் பாத்தாச்சு. தெரியும் எனக்கு. ஒண்ணே ஒண்ணு, அவங்ககிட்ட சித்தி செத்ததைச் சொல்லிடாதீங்க. போன மாசம் நான் சொன்னேன். மண்டைல ஏறட்டும்னு சொன்னேன், முட்டாள். ஃபோன்லயே அப்படி ஒரு அழுகை, அம்மா அழுது நான் கேட்டதே இல்லங்க. மறுநாள் காலைல கூப்பிட்டா, வெயில் எப்படிடா அங்கன்னு கேக்கறாங்க. மறந்துட்டாங்க. நான்தான் மறக்கல."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதுதான் எனக்கு வசதி என்பதும் தெரிந்தே.

15 மார்ச்

பிரோஷ்காவிடம் சொல்ல இன்றைய சாக்கு: 'இந்த வாரம் பனி, பள்ளி பஸ் வரவில்லை.' போன வாரம்: 'ஹால்ல ஹீட்டர் ரிப்பேர்.' இப்படியே போகிறது.

நினைவகத்தில் பேச்சு இல்லாவிட்டாலும் டோரிஸ் வியாழன் காலை அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். பிரோஷ்கா லிப்ஸ்டிக் போட்டு, நல்ல கோட்டு போட்டு, கைப்பையோடு கதவடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். இருவரும் போய்க் காபி குடித்துவிட்டு வருகிறார்கள். கடையில் பரிமாறும் பெண்ணிடம் பிரோஷ்கா ரயிலிலிருந்து தொடங்கிவிடுகிறாராம்.

"அந்தப் பொண்ணு மூணு டேபிள விட்டுட்டு நின்னு கேட்டா," என்றார் டோரிஸ். "நான் விரலைத் தூக்கல. கடையில யாரு பாக்கப் போறா?"

30 மார்ச்

எங்கள் வீட்டுப் பஸ்கா பண்டிகை விருந்துக்குப் பிரோஷ்காவை அழைத்திருந்தோம். டோரிஸும் வந்தார், வருஷாவருஷம் வருகிறவர்தான். அம்மா போட்ட தட்டுகளுக்கு அடுத்து, பிரோஷ்கா தானாகவே அலமாரியைத் திறந்து இன்னொரு தட்டு எடுத்துப் போட்டார்.

பஸ்கா இரவில் வீடுதோறும் வருவார் என்று எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறக்கிற நேரம் வந்தது. நான்தான் எழுந்து போய்த் திறந்தேன். ஈரக் காற்று. வெறும் தெரு. ஒவ்வொரு வருஷமும் நான் திறக்கும் அதே வெறும் தெரு.

திரும்பினால் பிரோஷ்கா நாற்காலியில் பாதி எழுந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"லேட்டாத்தான் வருவா," என்றார். "சூப்பை மூடி வைங்க, ஆறிடும்."

கதவைச் சாத்த எனக்குக் கை வரவில்லை. அப்பாதான் எழுந்து வந்து சாத்தினார்.

9 ஏப்ரல்

கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவு நாள் இந்த வியாழன் அன்று. பெயர் வாசிப்பு. திரும்பி வந்தவர்கள் ஒவ்வொருவரும் மேடையேறித் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள், ஒரு பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி. அட்டைகளை எழுதுவது நான்.

பிரோஷ்காவின் நான்கு: அப்பா சாமுவேல். அம்மா ரெஜினா. லாசி என்கிற லாஸ்லோ. எஸ்தி என்கிற எஸ்தெர்.

நான்காவதை எழுதினால், முந்நூறு பேர் முன்னால், கையில் மைக்கோடு, தன் தங்கை செத்ததை அவர் அட்டையில் படித்துத் தெரிந்துகொள்வார். எழுதாமல் விட்டால், அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு வருஷத்தில் ஒரு தரம் கிடைக்கிற அந்த ஒரு சொல்லும் போய்விடும். அவளைத் தெரிந்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. கல்லறை கிடையாது. சாலையோரம்தான், எந்தச் சாலை என்றும் தெரியாது.

அவரை அழைக்காமல் விட்டுவிடலாமா என்றேன் கெயிலிடம். "ஒவ்வொரு வருஷமும் முதல்ல வாசிக்கறவங்கள எப்படி அழைக்காம இருக்கறது? நீ பாத்து எழுது," என்றார். அவருக்கும் முடியவில்லை. என் தலையில் வைத்துவிட்டார்.

இரண்டு அட்டை எழுதினேன். ஒன்றில் மூன்று, ஒன்றில் நான்கு.

12 ஏப்ரல், வியாழன்

மூன்று பெயர் அட்டையைத்தான் கொடுத்தேன்.

பிரோஷ்கா நீல உடையில் வந்தார். நிமிர்ந்துதான் நடந்தார். டோரிஸ் மெழுகுவர்த்தி ஏற்ற, பக்கத்தில். நான் இரண்டடி தள்ளி.

"சாமுவேல்," என்றார். சுடர். "ரெஜினா." "லாஸ்லோ." குரல் பிசிறவே இல்லை. அப்பாடா என்று நினைத்தேன். நினைத்தேனே.

அட்டையை மூடிவிட்டு, அதைப் பார்க்காமலே, முன்னால் இருட்டைப் பார்த்துக்கொண்டு, அதே தாளத்தில், "எஸ்தெர்," என்றார்.

அட்டையில் இல்லை. நாக்கில் இருந்திருக்கிறது. எத்தனை வருஷம் நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்ன நாக்கு! எனக்கு ஏன் தோன்றவில்லை? அட்டையை மாற்றினால் போதும் என்று எப்படி —

டோரிஸும் பழக்கத்தில் நான்காவதை ஏற்றிவிட்டார்.

பிரோஷ்கா அந்தச் சுடரைப் பார்த்தார். டோரிஸைப் பார்த்தார். மைக் திறந்தே இருந்தது.

"எஸ்தி பேரை ஏன் சொன்னேன்?"

டோரிஸ் தீக்குச்சியை ஊதி அணைத்தார்.

"டோரிஸ், எஸ்திக்கு என்ன ஆச்சு?"

டோரிஸ் என்னைப் பார்த்தார். நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன். அதுதான் நான் செய்தது. எழுதிவிடுகிறேன், எழுதினாலாவது — நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன்.

அடுத்து வாசிக்க வேண்டியவர் படியில் காத்திருந்தார். டோரிஸ் பிரோஷ்காவின் தோளில் கை போட்டு, "வாங்க பிரோஷ்கா, கீழ போய் உக்காரலாம்," என்றார்.

"உக்காரக் கூடாது."

மெதுவாகத்தான் சொன்னார், ஒரு சின்னப் பெண்ணுக்குச் சொல்வதுபோல. "உக்காரவே கூடாது. நட, எஸ்தி. உக்காராத."

கீழே இறங்கினார். உட்காரவில்லை. முன்வரிசைக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றார். மிச்சப் பெயர்கள் வாசித்து முடிகிற வரைக்கும் நின்றார். டோரிஸின் கையை விடவே இல்லை. டோரிஸுக்குப் போன இலையுதிர்காலத்தில்தான் முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. வலியில் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவரும் உட்காரவில்லை.

நான் நாற்காலிகள் பார்க்க வேண்டியிருந்தது. தாமதமாக வந்தவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தேன்.

13 ஏப்ரல்

டோரிஸ் சொன்னார்: பிரோஷ்காவுக்குக் காரில் போகும்போதே மறந்துவிட்டது. "காலு ஏன் இப்படி வலிக்குது? ஷாப்பிங் போனோமா?" என்று கேட்டாராம். கஸ்டர்ட் ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொன்னாராம். வாங்கித் தந்தாராம். எஸ்திக்கும் ஒரு கப் கட்டித்தரச் சொன்னாராம். அது டோரிஸின் ஃபிரீஸரில் இருக்கிறது. என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறார்.

எனக்கு என்ன தெரியும்?

3 ஜூன்

ஜெரால்ட் வந்து தன் அம்மாவை அரிசோனாவுக்கு அழைத்துப் போய்விட்டார். விமான நிலையத்தில் பிரோஷ்கா என் கன்னத்தைத் தட்டினார். "வியாழக்கிழமைக்கு வந்துடுவேன். பசங்களுக்கு லேட்டாகும்னு சொல்லி வை."

சொல்லி வைக்கிறேன் என்றேன்.

2 மே 2019, வியாழன்

பிரோஷ்கா போன அக்டோபரில் இறந்துவிட்டார். கடைசி வாரங்களில் ஹங்கேரிய மொழி மட்டும்தான் பேசினாராம். ஜெரால்டுக்கு அது பாதிதான் புரியும்.

இன்று பெயர் வாசிப்பு. ஜெரால்ட் வர முடியவில்லை. டோரிஸ் மெழுகுவர்த்தி ஏற்றினார். நான்கு பெயரையும் நான் வாசித்தேன்.