வெள்ளைத் துணி இல்லாமல் வந்த படகு

லிகுவாசன் சதுப்புக்கரை, மின்டனாவோ
புதன்கிழமை

அன்புள்ள கணவர் எஸ்மாயிலுக்கு, நொரைசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் இருக்கும் தம்மாமுக்கே நாளை வேலைக்குத் திரும்பும் ரஹிமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் சிக்னல் கிடைப்பது உங்கள் கமித் பெரியப்பா வீட்டு மாடியில் மட்டும். அங்கே நின்று பேசினால் பத்துக் காது கேட்கும்.

நீங்கள் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகப் பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். "என் தம்பி மவன் வாரான். முசிப்போட நாப்பதாம் நாள் கந்தூரிக்கு முன்னாடி அக்கரையில ஒரு மையித்து விழும்" என்று பள்ளிவாசல் வாசலிலேயே சொன்னாராம். உங்களுக்காக ஒரு துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். உங்கள் தம்பி முசிப்பைச் சுட்டது அக்கரை சாலிக் என்றுதானே உங்களிடம் சொன்னார்? சாலிக் சுடவில்லை. நான் அந்தப் படகில் இருந்தேன்.

நடுத்திட்டில் இரண்டு கரைக்கும் பொதுவாகச் சுகாதார நிலையம் வைத்தபோது போனில் சிரித்தீர்கள். "பகையாளிகூடச் சேந்து பிரசவம் பாக்கப் போறியா, நல்ல கூத்து" என்றீர்கள். எனக்கும் முதலில் கூத்தாகத்தான் இருந்தது. கூரைத் தகடு நம் கரை கொடுத்தது, படகு அவர்கள் கொடுத்தார்கள், மருந்துக்கு டவுன் டாக்டரம்மா பொறுப்பு. எந்தப் பிரசவத்துக்கும் இரண்டு பேர் நிற்க வேண்டும்: நம் கரைக்குச் சர்க்கார் மருத்துவச்சி நான், அக்கரைக்கு நாட்டு மருத்துவச்சி தாயன் மாமி. மாமிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "சர்க்கார் சம்பளம் வாங்குறவ, தொப்புள்கொடிய வெட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடியத் தேடுறா" என்பாள். ஆனால் புரண்டு கிடக்கும் பிள்ளையை அவள் கைதான் திருப்பும். இரண்டு கரை ஆட்களின் ரத்த வகையையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஆறு வருஷப் பகையில் பதினொரு ஜனாஸா பார்த்த ஊரில், மூன்று வருஷமாக ஒரு தாய்கூடப் பிரசவத்தில் சாகவில்லை.

அன்று மதியம் நல்ல மழை. சாலிக்கின் மனைவி பைலினுக்குப் பிள்ளை பிறந்து ரத்தம் நிற்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்கு நம் கரை வாய்க்கால் வழியாகத்தான் போக வேண்டும். நோயாளி போகும் படகில் கரைக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பது பேச்சு. சாலிக் துடுப்புப் போட, முசிப் முன்னால் கழியோடு நின்றான். முனையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அதைப் பார்த்தால் இரு கரையும் சுடக் கூடாது.

கொண்டுபோன பஞ்சு நனைந்து தீர்ந்தது. படகுப் பலகையில் ரத்தம் குளம் கட்டியது. நான் எழுந்து அந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தேன். "அத எடுக்காதடி, உங்க ஆளுங்க கண்ணு அவிஞ்சவனுங்க. என் மலோங்கக் கிழிச்சுத் தாரேன்" என்று மாமி தன் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தாள். நான் காத்திருக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மூங்கில் புதர் திருப்பத்தில் முதல் குண்டு தண்ணீரில் விழுந்தது. முசிப் கழியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி, "சுடாதீங்கடா, நான்தாண்டா, முசிப்புடா" என்று கத்தினான். அடுத்தது அவன் தாடையைப் பிய்த்துக்கொண்டு போனது. அதற்கடுத்தது வயிற்றில். வெளியே வந்த குடலை நான் என் உள்ளங்கையால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அது சூடாக இருந்தது. புதரிலிருந்து ஓடி வந்து, தண்ணீரில் முழங்கால் போட்டு, துப்பாக்கியை வீசிவிட்டு அலறியவன் பெரியப்பாவின் மகன் அக்மத். அக்கரைப் படகு, துணி இல்லை, சாலிக் முகம் தெரிந்தது, சுட்டுவிட்டான். அதனால்தான் பெரியப்பாவுக்குப் பழி போட இன்னொருவன் வேண்டியிருக்கிறது.

சாலிக் தண்ணீரில் குதித்துத் தப்பியிருக்கலாம். துப்பாக்கி இருந்த கரையை ஒட்டியே ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டான். ஆஸ்பத்திரியில் பைலினுக்கு ஏற்ற ரத்தம் இருந்தது, அவள் பிழைத்துக்கொண்டாள். முசிப்பின் வகை இல்லை. சுவரில் ஒட்டிய தாளில் முசிப் பெயருக்கு எதிரே, அதே வகையில், சாலிக் பெயர் இருந்தது எனக்கு நினைவு வந்தது. கேட்கவே நா கூசியது. சாலிக் தானாகவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்தான். ஒரு பாட்டில் எடுத்ததும் நர்ஸ் போதும் என்றாள். "அவன் போற வரைக்கும் எடுங்க" என்றான் சாலிக். அஸர் பாங்கு சொல்லும்போது முசிப்பின் உயிர் போனது. அவன் உடம்பில் கடைசியாக ஓடியது சாலிக்கின் ரத்தம். நீங்கள் சுடப்போவது அதைத்தான்.

அதற்குள் இங்கே பெரியப்பாவின் ஆட்கள் அக்கரையில் மூன்று வீட்டைக் கொளுத்தி, சாலிக்கின் கிழட்டுத் தகப்பனைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்துக் கையை முறித்துப் போட்டார்கள். நிலையத்தைப் பூட்டியாயிற்று. போன வாரம் அக்கரையில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, பிள்ளை பாதி வந்த நிலையில், இரண்டு நாள் கதறிச் செத்தாள். காற்று வாட்டத்தில் அந்தச் சத்தம் நம் அடுப்படிவரை கேட்டது. படகு எடுக்க ஒருவனும் துணியவில்லை. நானும்தான்.

நேற்று பெரியப்பா வந்தார். அக்மத் சாப்பிடாமல் கிடக்கிறானாம். என் பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டே, "பொம்பள வாய் நீண்டா வீடு சாம்பலாவும், மருமவளே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும், அடுத்த வெள்ளி கழிந்து வரும் திங்கட்கிழமை டாக்டரம்மா இரு கரைப் பெரியவர்களையும் நடுத்திட்டில் கூட்டுகிறார். துணியை அவிழ்த்தது நான், சுட்டது அக்மத் என்று எழுந்து சொல்லப்போகிறேன். தாயன் மாமியும் வருகிறாள். "நீ உளறுனா நான் திருத்துறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு வந்துவிடுவீர்கள். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியப்பா வீட்டுக்குப் போகாமல் நேரே நம் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் தம்பியைக் கொன்றதில் என் கையும் இருக்கிறது. என்னை அடிக்க வேண்டுமானால் அன்று இரவு அடித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும், நம் கரை ஆட்கள் எல்லோரும் பார்க்க, என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம்.

அல்லாஹ் உங்களை வெறுங்கையோடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
நொரைசா