இடிக்கச் சொன்னவள்

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று கரியமேடு. எனக்குக் கொடுத்த கிராமங்கள் போதாதென்று, மாற்றலாகிப் போனவருடையதும் ஓய்வு பெற்றவருடையதும் என் தலையில்தான். எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர் நாற்காலிகள் இருக்கின்றன, உட்கார ஆளில்லை. கரியமேட்டுக்கு வியாழக்கிழமை மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். கூடுவாஞ்சேரியில் ரயில் பிடித்து, செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கினால் ரமேஷின் ஷேர் ஆட்டோ நிற்கும்.

அந்த ரமேஷுக்கே இந்த வருடம் அரசு வீடு. அவன் மனைவி துர்காதேவி கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். "மேடம், லிஸ்ட்ல மெய்யாலுமே எங்க பேரு கீதா? இல்ல போன வாட்டி மாதிரி கதையா?" என்றாள். இருக்கிறது, வேலை உத்தரவு அடுத்த வாரம் வந்துவிடும் என்றேன். குடிசையைப் பிரித்து இடத்தைச் சுத்தமாக வையுங்கள், அடுத்த வியாழன் வந்து அஸ்திவாரத்துக்கு மார்க்கிங் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

முறைப்படி உத்தரவு வர வேண்டும், நான் போய்க் குடிசையைச் செயலியில் படம் எடுக்க வேண்டும், பிறகுதான் பிரிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு வீட்டுக்கே இரண்டு வியாழன் ஆகும். என்னிடம் ஏது இரண்டு வியாழன்? செயலியும் கரியமேட்டை இன்னும் மாற்றலாகிப் போனவர் பெயரில்தான் திறக்கிறது. படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"உத்தரவு வரட்டுமே மேடம்?" என்று துர்காதேவி கேட்டாள்.

"நான் சொல்றேன் இல்ல?" என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பிரித்துவிட்டார்கள். மண் சுவரையும் தள்ளி, தரையைச் சமன் செய்து, பெருக்கிக்கூட வைத்திருந்தார்கள். சாமான்களெல்லாம் புளியமரத்தடியில் தார்ப்பாய்க்குக் கீழே. அவர்கள் மகள் பிரதீபா, பத்தாம் வகுப்பு படிப்பவள், "ஆன்ட்டி, ஜன்னல் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாள்.

உத்தரவு வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய பி.டி.ஓ. மாற்றலாகிவிட்டார். புது ஆளைப் போடும்வரை பக்கத்து ஒன்றியத்து சங்கரி மேடம்தான் இங்கேயும் பொறுப்பு. அவர் கையெழுத்துக்குக் கோப்புகள் சோற்றுக்குக் கூடிய கூட்டம் போல் வரிசை கட்டி நிற்கின்றன. அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பட்டியலில் இருக்கும் மற்ற கரியமேட்டுக்காரர்களுக்கும் இதையேதான் சொல்லியிருந்தேன்; யாரும் குடிசையில் கை வைக்கவில்லை. சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

உத்தரவு இல்லை. துர்காதேவி டீ வாங்கிக் கொடுத்தாள். உத்தரவு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தால் தேவலை.

செப்டம்பர் 11, வியாழன்

பட்டியலில் தகுதியில்லாதவர்கள் நுழைந்துவிட்டார்கள் என்று புகாராம். எல்லா ஊரையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லி மேலிருந்து வந்துவிட்டது. அவரவர் ஊரை அவரவர் பார்க்கக் கூடாது; எங்கள் ஒன்றியத்துக்கு வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஒன்றியத்துக்கு. என்னை வேடந்தாங்கல் பக்கம் போட்டார்கள்.

ஒரே நாளில் அத்தனை ஊர். குடிசை இருந்தால் 'உண்டு', இல்லாவிட்டால் 'இல்லை'. ஓர் இடத்தில் வெற்று மனை. ஓரமாக அடுப்புக் கல், தார்ப்பாய், மாற்றிக் கட்ட ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது. ஆளில்லை, வேலைக்குப் போயிருப்பார்கள். காத்திருந்தால் அடுத்த ஊர் போவதற்குள் இருட்டிவிடும். 'இல்லை' என்று தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

கரியமேட்டில் ரமேஷ் பெயர் போய்விட்டது. 'குடிசை இல்லை, தகுதியில்லை.'

என் பேச்சைக் கேட்காமல் குடிசையை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் வீடு. கேட்டவர்களுக்கு மட்டும் இல்லை. குடிசை இருந்ததுதான் அவர்களுடைய ஒரே தகுதி, அதைப் போய் நான் பிரிக்கச் சொல்லியிருக்கிறேனே! எந்தப் பாவி எழுதினான் என்று வரும் வழியெல்லாம் அந்த முகம் தெரியாத ஓவர்சியரைத் திட்டிக்கொண்டு வந்தேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான் அந்தக் காய்ந்துகொண்டிருந்த புடவை நினைவுக்கு வந்தது. போன வாரம் அதே பாவி நான்தான்.

அந்தப் புடவைக்காரர்களை யார் பிரிக்கச் சொன்னார்களோ. பெயர்கூட ஞாபகமில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

துர்காதேவி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்திருக்கிறாள். அது அங்கிருந்து கிளம்பி, மேசை மேசையாக இறங்கி, கடைசியில் என்னிடமே வந்து சேர்ந்தது. புகாரும் என்னால், பதிலும் என் கையால். நல்ல நிர்வாகம்.

வீட்டுத் திட்டப் பிரிவு ராகவன் சார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "குடிசைய ஏம்மா முன்னாடியே பிரிச்சாங்க? இன்னான்னு போடறது?"

நான் சொன்னேன் என்று போட்டால் மெமோ வரும், விசாரணை வரும். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் கணவர் ஜான்சனுக்கு மறைமலைநகரில் கான்ட்ராக்ட் வேலை, எந்த மாதம் நிற்கும் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் யோசித்துத்தான் அவருக்குப் பதில் சொன்னேன் என்று இங்கே எழுதினால் அது இன்னொரு பொய். ஒன்றும் யோசிக்கவில்லை. தானாக வாயில் வந்துவிட்டது.

"அவங்களே பிரிச்சிட்டாங்க சார்."

'பயனாளி தன்னிச்சையாகக் குடிசையை அகற்றியதால் தகுதி இழந்தார்.' கீழே என் கையெழுத்து.

அக்டோபர் 15, புதன்

ஜான்சனிடம் சொன்னேன். "அவங்கதானே பிரிச்சாங்க? நீயா போயி கூரை மேல ஏறுன? இதுல இன்னா பொய் கீது?" என்றார். என் மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்கிறார், தெரிகிறது.

பொய்யே இல்லைதான். அதுதான் சங்கடம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எதிர்வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தது. காலையிலிருந்து மழை. இந்தத் தெருவில் எல்லோரும் பால்கனியில் நின்று, வெடி நமுத்துப்போகிறதே என்று மழையைத் திட்டுகிறார்கள். தார்ப்பாய் எவ்வளவு தாங்கும்? இது என்ன கேள்வி. நான் படித்த சிவில் டிப்ளமோவில் இதற்குப் பாடமில்லை.

அக்டோபர் 23, வியாழன்

போனேன். தார்ப்பாய் கிழிந்து, மரத்தடியெல்லாம் சேறு. ரமேஷ் ஆட்டோவில் உட்கார்ந்திருக்க, துர்காதேவி அரிசி டின்னை ஏற்றிக்கொண்டிருந்தாள். பிரதீபாவை மதுராந்தகத்தில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். பள்ளிக்கூடம்? அங்கிருந்து பஸ் மாறி வர வேண்டும், பாதி நாள் வருவதில்லை. ரமேஷ் ஆட்டோவிலேயே படுத்துக்கொள்கிறான். இவள் ரிசார்ட்டில் வேலைக்காரர்கள் அறையில்.

மனுவுக்கு வந்த பதில் அவள் கையில் இருந்தது.

"தன்னிச்சைன்னா இன்னா மேடம்?"

காகிதத்தைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"புள்ளைய கேட்டேன். நம்மளா, யாரும் சொல்லாம செஞ்சதுன்னு சொன்னா. யாரும் சொல்லலியா? நீ சொல்லல?"

இதுவரை நீங்க, வாங்க என்றவள். இன்றுதான் முதன்முதலாக 'நீ'.

"கையெழுத்து யாருதுன்னு எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சிகினியா? எங்க வூட்ட பிரிக்கச் சொன்னதும் நீ, வூடு இல்லன்னு ஆனதும் உன்னால, நாங்களா பிரிச்சோம்னு எழுதனதும் நீ. ஏறி ஒக்காரு, பஸ் ஸ்டாப்புல வுட சொல்றேன். மழ வருது."

ஏறி உட்கார்ந்தேன். அவளுடைய அரிசி டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அறைந்திருக்கலாம் அவள். ஒரு குடும்பத்தை மூணு எடத்துக்குப் பிரிச்சு வச்சுட்டேன். நான்தான். வேற யாரு?

நவம்பர் 13, வியாழன்

கரியமேட்டுக்குப் போகவில்லை. வேறு ஊரில் அவசர வேலை என்று பதிவேட்டில் போட்டேன். அவசரம் ஒன்றுமில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

நாலு நாளாகப் புயல் மழை. சர்ச்சில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னேன். எல்லோரும் ஒன்றாகச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது, யாருக்கு எது என்று தெரியாது. பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா தொண்டை கட்டிக்கொண்டதா என்று மிட்டாய் கொடுத்தார்.

சாயங்காலம் ஜான்சனிடம், வேலை போனாலும் போகட்டும், எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "வாடகைக்கு எதுனா வழி பாத்துக்கலாம். நீ இப்டி சோறு தின்னாம கெடக்கறது எனக்கு மட்டும் நல்லாவா கீது?" என்றார்.

டிசம்பர் 2, செவ்வாய்

எழுதினேன். உத்தரவுக்கு முன்பே பிரிக்கச் சொன்னது நான், செயலியில் படம் எடுக்காதது நான், தன்னிச்சையாக என்று எழுதியது பொய். சுற்றி வளைக்கவில்லை. சங்கரி மேடத்திடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு ஒன்றியத்துக் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் வாங்கிப் படித்தார். இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

"மேல அனுப்புங்க மேடம்."

"அனுப்பறேன். உன்னை சஸ்பெண்ட் பண்ணுவாங்க. உன் ஊருக்கெல்லாம் யாரு போறது? நானா? அந்த அத்தனை பேரு வீடும் பாதியில நிக்கட்டுமா? உனக்கு மனசு ஆறணும்னா கோயிலுக்குப் போ, ஆபீஸுக்கு வராத."

தண்டனை கொடுக்கக்கூட ஆள் பற்றாக்குறை. சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுதுவிட்டேன். அவர் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: ஜனவரியில் விடுபட்டவர்களுக்கு இன்னொரு சரிபார்ப்பு இருக்கிறது, அதற்குத் தானே வருவாராம். "ஆனா வந்து பாக்கும்போது அங்க ஒரு குடிசை இருக்கணும். குடியும் இருக்கணும். இல்லாததை இருக்குன்னு நான் எழுத மாட்டேன்." தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் புது உத்தரவு எதுவும் கிடையாது, அதற்குள் நடக்க வேண்டும்.

அப்படியானால் நான் போய் அவர்களிடம் என்ன சொல்வது? குடிசை போடுங்கள் என்றா?

டிசம்பர் 4, வியாழன்

அதைத்தான் சொன்னேன். ரிசார்ட்டின் பின்வாசலில் நின்று, துர்காதேவி வேலை முடிந்து வெளியே வந்ததும் சொன்னேன். பொய்யை மாற்றி எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன்.

"அது எங்க கீது?"

"மேடம் டிராயர்ல."

சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள், கூட வேலை பார்ப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. "அப்ப வூடு கட்டறதுக்கு மொதல்ல குடிச கட்டணும். கட்டிட்டு, அத்த பிரிக்கணும். இன்னா மேடம், இத்த கண்டுபுடிச்சவன் இன்னா படிச்சிருப்பான்?"

கீற்றுக்கும் கம்புக்கும் நான் தருகிறேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"உன் டப்பு ஒண்ணும் வேணாம். கட்டற அன்னிக்கு வந்து நில்லு. அது போதும்."

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். பிரியாணி. ரமேஷுக்குக் கொடுத்தனுப்பலாமா என்று நினைத்து, எந்த முகத்தோடு என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

காலையிலிருந்து கரியமேட்டில்தான். மற்ற ஊர்கள் எக்கேடு கெட்டாவது போகட்டும் என்று விடுப்புப் போட்டேன். ரமேஷும் அவன் மச்சானும் கம்பு நட்டார்கள். நான் கீற்று எடுத்துக் கொடுத்தேன். துர்காதேவி, "கயிற இறுக்கி கட்டுங்கய்யா, வர்றவங்க இழுத்துப் பாத்தா அவுந்துடக் கூடாது" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் உத்தரவு வாங்கியவர்களின் வீடெல்லாம் ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. அவர்கள் மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு, இந்தக் காலத்தில் யார் புதுக் குடிசை போடுகிறார்கள் என்று வேடிக்கை பார்த்தான்.

சாயங்காலம் அடுப்பு மூட்டினார்கள். சோறு எனக்கும் போட்டாள். முகத்தைப் பார்க்காமல்தான் போட்டாள்.

ஜனவரி 22, வியாழன்

சங்கரி மேடம் வந்தார். குனிந்து உள்ளே போனார், பானையைத் திறந்து பார்த்தார், வெளியே வந்து 'உண்டு' போட்டார். செயலி இப்போது என் பெயரிலேயே திறக்கிறது. படம் எடுத்து ஏற்றினேன். நாலு கோணம், நாலு தடவை.

வேடந்தாங்கல் பக்கத்து அந்த வெற்று மனைக்காரரைப் பற்றி அந்த ஒன்றியத்துக்கு மறுபடி போன் செய்தேன். அந்த ஊருக்கு ஓவர்சியர் இன்னும் போடவில்லையாம். எழுதி அனுப்பியதற்கும் பதில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

உத்தரவு இல்லை. தேர்தல் தேதி எப்போது வேண்டுமானாலும் வரும் என்கிறார்கள். இன்றைக்கு துர்காதேவியிடம் 'அடுத்த வாரம்' என்று சொல்லவில்லை. தெரியாது என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. நேற்று மாலை கையெழுத்து. இன்று காலை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

துர்காதேவி அதை வாங்கி, மதுராந்தகத்திலிருந்து திரும்பிவிட்ட பிரதீபாவிடம் கொடுத்து, எழுத்து விடாமல் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். பெயர், ஊர், தேதி, முத்திரை. பிறகு, "படம் ஏத்தியாச்சா? காட்டு" என்றாள். செல்போனில் காட்டினேன். ரமேஷ் ஏணியைச் சாய்த்து ஏறப் போனான்.

"யோவ், எறங்கு."

என்னைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் இன்றுதான் நேராக.

"போன வாட்டி நாங்களா பிரிச்சோம்னு ஆபீஸ்ல எழுதி வச்சிகிறீங்க. இன்னும் அப்டித்தான கீது?"

"அப்படித்தான் இருக்கு."

"அப்ப இந்த வாட்டி நீ பிரி. நாங்க பாக்குறோம்."

துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன். முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன, நகம் பிய்ந்தது. ரமேஷ் அரிவாளை நீட்ட வந்தான், அவள் வேண்டாமென்று கையைக் காட்டினாள். ஒரு முடிச்சு அவிழ ரொம்ப நேரமாயிற்று. முதல் கீற்றை உருவிக் கீழே இறக்கினேன். துர்காதேவி அதை வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.