உங்கள் தோணி இறங்கிவிட்டது, மதினி

என் செல்ல மதினி சலேத்துக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எந்தத் தபால்காரர் கொண்டுவந்து தருவார் என்று கேட்பீர்கள். எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பவர்தானே நீங்கள். பத்திரிகையில் போட்டால் ஊர் படிக்கும். ஊர் வாயில் விழுந்தது உங்கள் காதுக்கு எட்டாமல் போனது உண்டா? இருந்த காலத்தில் தெருக்கோடியில் நடந்த சண்டைகூட உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் தோணி தண்ணீரில் மிதக்கிறது. மற்றொன்றைக் கடைசியில் சொல்கிறேன். முக்கியமானதை முதலில் எழுது என்றுதான் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது இன்னும் படியவில்லை.

ஆமாம், படிக்கிறேன். பி.ஏ. வகுப்போடு பத்திரிகை எழுத்தையும் ஒரு பாடமாகப் புதிதாக வைத்திருக்கிறார்கள். பையன்கள் நிறைந்த அறையில் பெண்கள் நாங்கள் மூன்று பேர், முன்வரிசையில் முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அச்சுப்பிழை திருத்தக் கற்றுக்கொண்டேன். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு என்பதால் ஒரு கொலையை எட்டு வார்த்தையில் சொல்லவும் கற்றுக்கொண்டேன். அம்மாவைப் போன்றவர்கள் அந்தப் பரீட்சையில் முதல் நாளே தோற்றுப்போவார்கள். உப்பு தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்லவே அவளுக்கு அரை மணி வேண்டும்.

நாத்தனாரும் மதினியும் கீரியும் பாம்பும் என்பார்கள். நம் வீட்டில் எல்லாம் தலைகீழ். எனக்காக அம்மாவோடு மல்லுக்கு நின்றது நீங்கள். அண்ணன் புதுத் தோணிக்கு அடிக்கட்டை போட்ட அன்று, வீட்டில் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“நம்ம ஊரப் பத்தி, புயலடிச்சாத்தான் பேப்பர்ல எழுதுதாவ. இந்தத் தோணி எறங்குத அன்னிக்கு நம்ம பிலோமி எழுதணும். அதுக்குப் படிக்கட்டும்.”

அம்மா சுவரைப் பார்த்து, மணப்பாட்டுக்காரிக்கு வாய் நீளம் என்றாள். உங்களை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. சோறு நன்றாக இருந்தாலும் மணப்பாட்டுக்காரி, குழம்பில் புளி கூடினாலும் மணப்பாட்டுக்காரி. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் நீங்கள் அவளுக்கு வெளியூர்ப் பெண்தான். அதற்காக நீங்கள் வருத்தப்பட்டீர்களா, மதினி? சிரித்துக்கொண்டே இருந்ததால் நான் கேட்க மறந்துபோனேன்.

மழைக்காலத்துக் காய்ச்சலில் நீங்கள் போனதும் அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டார். தோணி விலா எலும்போடு கடற்கரையில் நின்றது. ஆடுகள் அதன் நிழலில் படுத்தன. ஒரு வருஷம் அந்தப் பக்கமே அவர் திரும்பவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, ஒரு நாள் காலையில் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அம்மா அவருக்கு இரண்டு மடங்கு மீன் வைத்தாள் என்று எனக்குச் செய்தி வந்தது.

இந்த விடுமுறைக்கு நான் வந்தபோது தோணி முடிந்திருந்தது. எனக்கு மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். கொழும்பில் கடை, நல்ல குடும்பம், தாயார் நேரில் பெண் பார்க்க வருகிறார்கள். மூன்றாம் வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது என்று நான் அழுதேன். அண்ணன் நடுவில் புகுந்து பேசிப்பேசி, அம்மாவை ஒரு ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார்.

“நம்ம வீட்டுப் பொண்ணு பேரு பேப்பர்ல வரட்டும், அனுப்புதேன். வரலைன்னா காலேஜ் தொறக்குததுக்கு முந்தி கல்யாணம்” என்றாள் அம்மா.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. சொந்த ஊரிலிருந்து ஒரு செய்தி எழுதி ஏதாவது பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்று எங்கள் பேராசிரியரும் விடுமுறை வேலை கொடுத்திருந்தார். நிருபர் பார்க்கிறவர், செய்கிறவர் அல்ல. நடக்கிற காரியத்துக்கும் உனக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்று வருஷம் முழுக்கச் சொன்னவர் அவர். ஆகவே தோணி இறக்குகிற அன்று காலை நான் ஒரு மரக்குவியல் மேல் ஏறி, தாளும் பென்சிலுமாக நின்றுகொண்டேன்.

நீங்கள் இப்போதே தலையில் அடித்துக்கொள்கிறீர்கள், தெரிகிறது. நம் கரையில் தோணி இறக்குவதை யாரும் சும்மா நின்று பார்க்க முடியாது. கண்ணை வைத்தவர் கையையும் வைக்க வேண்டும். தீர்த்தம் தெளித்து மந்திரித்த பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வடத்தைப் பிடித்தார். ஆத்தூரிலிருந்து வெற்றிலை விற்க வந்தவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிடித்தார். பெண் பார்க்க வந்த கொழும்பு மாமியும் கொழும்புப் பட்டோடு பிடித்தார்கள். எனக்கு வழக்கம் தெரியாமல் இல்லை, மதினி. நிருபருக்கு அது கிடையாது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

தோணி உருளைக்கட்டைகள் மேல் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார்கள். அசையவில்லை. கட்டைகளுக்குக் கொழுப்புத் தடவிப் பார்த்தார்கள். அப்போதும் அசையவில்லை.

“யாரோ சும்மா நிக்குதாவ” என்றார் மேஸ்திரி, திரும்பிப் பார்க்காமலே.

கரை முழுக்க என்னைப் பார்த்தது. நான் பென்சிலை இறுக்கிப் பிடித்தேன். இதை விட்டால் என் படிப்பு போச்சு. எத்தனை பேர் இழுத்தார்கள், என்ன நேரம், யார் யார் வந்தார்கள், எல்லாம் நான் எழுதியாக வேண்டும். அம்மா கூட்டத்தை விட்டு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பென்சிலைப் பிடுங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

“எழுதுதது பொறவு. மொதல்ல கயித்தப் பிடிளா.”

பிடித்தேன். முன்னால் கொழும்பு மாமி, பின்னால் அம்மா. வடம் உள்ளங்கையை அறுத்தது, கால் மணலில் புதைந்தது, அம்மாவின் மூச்சு என் கழுத்தில் பட்டது. எதுவும் நடக்கவில்லை, எதுவும் நடக்கவில்லை, பிறகு சட்டென்று கயிறு தளர்ந்து நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். தலையைத் தூக்கிப் பார்த்தால் தோணி தண்ணீரில் நிற்கிறது. ஈரமணலில் உட்கார்ந்தபடி சாமியார் சிரிக்கிறார்.

அதுவரை பேர் எழுதிய இடத்தை அண்ணன் துணியால் மூடி வைத்திருந்தார். யார் கேட்டும் சொல்லவில்லை. அலை அடித்து அந்தத் துணி விலகியது. சலேத். அவ்வளவுதான் எழுதியிருந்தது. சலேத் மாதா பேரைத்தான் வைத்திருக்கிறேன் என்று கடலைப் பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னார். நாங்களும் நம்பியதுபோல இருந்தோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அம்மா மட்டும் முந்தானையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை. கொப்புளம் போட்ட கையால் பேனாவைப் பிடிக்கவும் முடியவில்லை. நேரம் தெரியாது, ஆள்கணக்கு தெரியாது. கை அறிந்ததை எழுதினேன். நகராத தோணியை எழுதினேன், சாமியாரின் அங்கியை எழுதினேன், உங்கள் பேரை எழுதினேன். அண்ணன் ரயிலடிக்கே போய் அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

இதற்கிடையில் கொழும்பு மாமிக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. பெண் நன்றாக இழுக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நாள் குறிக்க அவசரப்படுத்தினார்கள். நான் தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றேன்.

பத்திரிகை வந்தது. அம்மா குசினியில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் நின்று வாசித்தார். நான் எழுதியதில் பாதியை வெட்டியிருந்தார்கள். மேலே ‘நமது நிருபர்’ என்று போட்டிருந்தது. என் பேர் எங்கேயும் இல்லை. அண்ணன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார், பாவம்.

பேர் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றார் அண்ணன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

இன்னொரு தடவை வாசி என்றாள். அவர் வாசித்தார். கடைசி வரியில், தோணிக்கு உரிமையாளரின் மறைந்த மனைவி சலேத்தம்மாளின் பெயர் சூட்டப்பட்டது என்று இருந்தது. அம்மா கையைக் கழுவினாள். நிதானமாகத் துடைத்தாள்.

“பேருதான் வந்துட்டே” என்றாள்.

“அது பிலோமி பேரு இல்லம்மா” என்றார் அண்ணன்.

“நம்ம வீட்டுப் பொண்ணு பேரு வரணும்னுதான சொன்னேன். சலேத்து பின்ன யாரு வீட்டுப் பொண்ணு?”

கேட்டீர்களா மதினி? சலேத்து என்றாள். மணப்பாட்டுக்காரி என்று சொல்லவில்லை. அண்ணன் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். மீன் வாடையோடு ஒரு தள்ளு தள்ளிவிட்டு, பெட்டியைக் கட்டு என்றாள்.

ஆக, இரண்டாவது செய்தி இதுதான். நாளைக்கு ரயில். பெட்டிக்குள் கருவாட்டுப் பொட்டலம் போயாயிற்று. விடுதியில் இனி என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். கொழும்பு மாமி ஒரு வருஷம் காத்திருப்பார்களாம், பையனைக் கேட்காமலே சொல்லிவிட்டார்கள். எதற்குக் கயிற்றைப் பிடித்தாய் என்று பேராசிரியர் கேட்பார். கேட்கட்டும், பதில் என் உள்ளங்கையில் இருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். பட்டம் வாங்குவேன், எழுதுவேன், செய்திக்கு மேலே என் பேரும் ஒரு நாள் அச்சில் வரும். ஆனால் நம் வீட்டுப் பெண்களில் முதலில் பேப்பரில் வந்தவள் யார் என்று எவர் கேட்டாலும், எங்கள் சலேத் மதினி என்றுதான் சொல்வேன். எனக்கு முன்னால் அம்மா சொல்லிவிடாமல் இருக்க வேண்டும்.

கை இன்னும் காந்துகிற,
நம் வீட்டின் இரண்டாவது பெண்,
உங்கள் நாத்தனார் பிலோமி