உலக்கை விழும் வரை

15 டிசம்பர் 2019, ஞாயிறு

கிரகணக் கண்ணாடிகள் வந்துவிட்டன. அட்டைச் சட்டம், கறுப்புத் தாள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் ஒட்டியது. வீரமணி ஒன்றைப் பிரித்து மாட்டிக்கொண்டு, ஒன்றுமே தெரியவில்லை, உன்னை நல்லா ஏமாற்றிவிட்டான் என்றார். சூரியனைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் இருந்தால்தான் நல்ல கண்ணாடி என்றேன். கட்டிய புருஷனுக்கே இத்தனை விளக்கம். மலைப் பள்ளியில் நான் பாடம் நடத்தும் பிள்ளைகள் பரவாயில்லை.

தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் நாத்தனார் கோகிலவாணி, எனக்கும் ஒண்ணு குடுங்க அண்ணி என்றாள். கொடுத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

20 டிசம்பர், வெள்ளி

கடைசி மணி முழுக்க ஒத்திகை. குனிந்து மாட்டு, பிறகு நிமிர். குனி, பிறகு கழற்று. எக்ஸ்ரே படம் வேண்டாம், புகை பிடித்த கண்ணாடி வேண்டாம், மஞ்சள் தண்ணீரில் தெரியும் நிழலும் வேண்டாம். விழித்திரை வெந்தால் வலிக்காது, அதுதான் மோசம் என்றேன். வலித்தாலாவது கண்ணை மூடுவீர்கள்.

முழு வளையம் கரூர், திண்டுக்கல் பக்கம்தானாம். நமக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து மறைக்கும். அரையாண்டு விடுமுறையானாலும் அன்றைக்கு வருவதாக எல்லாரும் கை தூக்கினார்கள்.

22 டிசம்பர், ஞாயிறு

அத்தையோடு வாய்ச்சண்டை. கிரகணத்தன்று தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்துவாராம். கிரகணம் இருக்கும் வரை அது தானாக நிற்குமாம், விட்டதும் விழுமாம். அதுவரை கோகிலா இருட்டறையில் கை கால் மடக்காமல் நீட்டிப் படுத்திருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது.

நான் சும்மா இருந்திருக்கலாம். உலக்கையை எடுத்துவந்து முற்றத்தில் நிறுத்திக் காட்டினேன். பூண் தட்டையாக இருக்கிறது, தரை சமமாக இருக்கிறது, எந்த நாளும் நிற்கும் என்றேன். கோகிலா சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. "நீ நிறுத்தறது வேற, அது நிக்கறது வேற," என்றார்.

25 டிசம்பர், புதன்

எல்லாக் கண்ணாடிகளையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கீறல் இருந்ததையும் ஊசித்துளை இருந்ததையும் கிழித்துப் போட்டேன். கோகிலாவுடையதைக் கேட்டேன். தலையணைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறதாம், பிரிக்கவே மனசு வரவில்லையாம். நாளைக்கு எதுவென்றாலும் எனக்குப் போன் போடு என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

26 டிசம்பர், வியாழன்

பெண் குழந்தை. அழவே இல்லை.

28 டிசம்பர், சனி

இன்றைக்காவது எழுதிவிட வேண்டும்.

மலையில் பனி விலகி நல்ல வெயில். பிள்ளைகள் அத்தனை பேரும் சொன்னபடி செய்தார்கள். குனிந்து மாட்டி, நிமிர்ந்து, குனிந்து கழற்றி — ஒருவர் கூடத் தப்பு செய்யவில்லை. புங்கமரத்து நிழலில் தரை முழுக்கச் சின்னச் சின்னப் பிறைகள். அருவா மாதிரி இருக்குது டீச்சர் என்றாள் ஒருத்தி. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கிரகணம் முடிந்தும் நின்று எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். மலை இறங்கி கச்சிராயபாளையம் நெருங்கும்போதுதான் போனுக்கு உயிர் வந்தது. வரிசையாகக் கோகிலாவின் அழைப்புகள். மலைமேல் சிக்னல் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? பிறகு எந்த வாயால் போன் போடு என்று சொன்னேன்?

ஓடினேன். வாசலில் வீரமணியின் டாட்டா ஏஸ் வண்டி நின்றது. இவர் அதற்குப் பக்கத்திலேயே நின்றார். கிரகணம் பிடித்த கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்திருக்கிறது. அறைக்குள் கோகிலா முனகிக்கொண்டிருந்தாள். ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கத்தினேன். அத்தை முற்றத்தைக் காட்டினார்.

"இன்னும் வுடலடி. உலக்க நின்னுக்கினு இருக்குது பாரு."

கிரகணம் பதினொன்றேகாலுக்கே விட்டாயிற்று. அப்போது மணி ஒன்றுக்கு மேல். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. முற்றத்தில் தாம்பாளம், அதில் உலக்கை. இவர் டிப்ளமோ படித்தவர். கையில் வண்டிச்சாவியை வைத்துக்கொண்டு அந்த உலக்கையைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்.

நான் அதைக் காலால் உதைத்துத் தள்ளினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்கள் இருவரையும்தான் கூப்பிட்டுச் சொன்னார். "ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருப்பேன்." இவர் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் அம்மா கிட்ட சொல்லாதே, தாங்க மாட்டாங்க என்றார். அந்த நேரத்தில் சரி என்றுவிட்டேன்.

6 ஜனவரி 2020, திங்கள்

குழாயடியில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுக் காசியம்மாளிடம் துருவித் துருவிக் கேட்டேன். மருமகள் கண்ணாடி கொடுத்து வாயும் வயிறுமாக இருந்தவளைக் கிரகணம் பார்க்க வைத்தாளாம், குழந்தை போய்விட்டதாம், உலக்கையைக் காலால் வேறு உதைத்தாளாம். அத்தை சொன்னதுதான்.

இன்னாங்க, நீங்க வாயைத் திறக்க மாட்டீங்களா? டாக்டர் சொன்னத காதுல கேட்டீங்கதானே? ராத்திரி இவரிடம் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

19 ஜனவரி, ஞாயிறு

கோகிலாவை அவள் புருஷன் ஊருக்கு, எலவனாசூர்கோட்டைக்கு அனுப்பிவிட்டோம். பால் கட்டி, காய்ச்சலோடு போனாள். அவள் பார்த்தாளா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

நானும் கேட்கவில்லை. பார்த்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது — பள்ளிக்கூடத்தில் நூறு தடவை சொல்வேன். ஆனாலும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

9 மார்ச், திங்கள்

அத்தை என் கையால் தண்ணீர் வாங்குவதில்லை. சாப்பாடு பொங்கி வைத்தால் சாப்பிடுகிறார். வயிறு வேறு, வைராக்கியம் வேறு போல.

20 ஜூன், சனி

ஊரடங்கு. நாளைக்கு மறுபடியும் கிரகணம், கொஞ்சமாகத்தான். அத்தை உலக்கையைக் கழுவி வைத்திருக்கிறார். இந்த வீட்டில் இப்போது யாரும் பிள்ளை சுமக்கவில்லை. பிறகு யாருக்காக?

21 ஜூன், ஞாயிறு

காலையிலேயே கோகிலா வந்தாள். அவள் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே வராமல் போய்விட்டார். பாதியாக இளைத்திருக்கிறாள்.

அத்தை அப்போதுதான் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கோகிலா பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். நான் கொடுத்த கண்ணாடி. என்னிடம் நீட்டவில்லை, அவள் அம்மாவிடம் நீட்டினாள்.

"பாரும்மா. ஒட்டுனது ஒட்டுன மாதிரியே கீது. நான் பாக்கவேயில்ல. நீ சொன்ன மாதிரியே நீட்டிப் படுத்துக்கினு இருந்தேன். வலி வந்தப்பக்கூட கால மடக்கல."

அத்தை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் தடவினார். பிரிந்திருக்கும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. ஆறு மாதமாக வீரமணி பேசாத பேச்சு அப்போதுதான் வந்தது.

"ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருக்கும்னு டாக்டரு சொன்னாங்கம்மா. வண்டி வாசல்லதான் நின்னுது."

அத்தை அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. நான் அவரைத் தூக்கவில்லை. தூக்க எனக்கு மனசு வரவில்லை.

கோகிலா உறையைப் பிரித்து என்னிடம் கொடுத்தாள். எப்படிப் பாக்கணும் அண்ணி என்றாள். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை, துளை இல்லை. குனிந்து மாட்டு, பிறகு நிமிர் என்றேன். சொன்னபடி செய்தாள். எப்போதும் சொன்னபடிதான் செய்வாள்.

ஓரத்தில் கொஞ்சம் கடித்த மாதிரி இருக்கிறது என்றாள். அவ்வளவுதானா என்றாள். அட்டைக்குக் கீழே கன்னம் நனைந்துகொண்டே இருந்தது. போதும், குனி என்று நான்தான் தலையைப் பிடித்துக் குனிய வைத்துக் கழற்றினேன்.

மத்தியானம் வரை தாம்பாளத்தில் தண்ணீர் அப்படியே இருந்தது. உலக்கையை யாரும் நிறுத்தவில்லை.