நம் நாட்டைத்தான் சொன்னேன்

மார்ச் 3

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கதவைத் தட்டியதும் ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்றுதான் நினைத்தேன். மிரட்டல் தாங்காமல் இரண்டு பேரும் போனை அணைத்துப் போட்டுவிட்டீர்கள் என்பது படித்த பிறகுதான் தெரிந்தது.

அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பதினேழு விநாடி. தேர்தல் வேலைக்குப் போன அத்தானும் பள்ளிக்கூடக் காவல்காரரும் ஒரு தகரப்பெட்டியைப் பின்வாசல் வழியாகத் தூக்கிப் போகிறார்கள். மேலே ‘ஓட்டுப்பெட்டியை மாற்றும் வாத்தியார்’ என்று எழுத்து. பெட்டிக்குள் இருந்தது மை பாட்டிலும் நூல்கண்டும்தான் என்கிறாய். நம்புகிறேன். சொந்த மச்சினனுக்கே கணக்கில் அரை மார்க் கூட்டிப் போடாத மனிதர் அவர்.

ஆனால் அதற்குக் கீழே நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்? உன் பெயரில் நானூற்றுப் பதினொரு பதில். உட்கார்ந்து எண்ணினேன். முகம் தெரியாத ஒருவன் திருடன் என்கிறான். நீ, என் கணவர் இருபத்திரண்டு வருஷமாக ஆசிரியர் என்கிறாய். அவன் மறுபடி ஏதோ சொல்கிறான், நீயும் மறுபடி. யார் கேட்டார்கள் உன்னை? புகார் பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா இருந்திருந்தால் நாலு நாளில் அடங்கியிருக்கும். அந்த வீடியோ ஓடுகிற கம்பெனியிலேயே வேலை செய்கிறவன் சொல்கிறேன், கேள்.

உன் தம்பி


மார்ச் 14

அவசரக்குடுக்கைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். போகட்டும், நீ சாப்பிடுகிறாயா?

கட்டியவரைத் திருடன் என்கிறார்கள், நான் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கவா? அதையும் அழுத்தினேன். பரிசீலித்தோம், விதிமீறல் இல்லை என்று ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. உங்கள் ஆபீஸில் எல்லோரும் உன்னைப் போலத்தானா?

அத்தானைப் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லி இருபது நாளாகிறது. தோற்ற கட்சிக்காரர்கள் வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துப் போகிறார்கள். அதே வீடியோ பக்கத்து நாட்டுத் தேர்தலுக்கும் போயிருக்கிறது, அங்கே வேறு மொழியில் எழுத்து. அதற்கப்புறம் இன்னொரு நாடு. மூன்று நாட்டில் ஓட்டுப்பெட்டி மாற்றியிருக்கிறார், பாஸ்போர்ட்டே எடுக்காத மனிதர். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

விசாரணை அதிகாரி, “இத்தனை லட்சம் பேர் சொல்றது பொய்யா சார்?” என்று கேட்டாராம். ஏப்ரல் பதினைந்து கடைசி விசாரணை. எதிராகப் போனால் வேலையும் போகும், கேஸும் வரும். இது எப்படி இத்தனை பேரிடம் போனது என்றாவது கேட்டுச் சொல்.

அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

கேட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. அதைப் பரப்பியது நான்.

வீடியோ எடுத்தவன் யாரோ. ஆனால் எது எத்தனை பேருக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்யும் நிரலில் ஜனவரியில் ஒரு மாற்றம் எழுதினேன். ஒரு பதிவின் கீழே இரண்டு பேர் மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டே போனால், அது சுவாரசியமான பேச்சு என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலருக்குக் காட்டும். பேச்சு எது, சண்டை எது என்று அதற்குத் தெரியாது. தெரியவைக்க இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன்.

இந்த மாதிரி மாற்றங்களை முதலில் சின்ன நாடுகளில் விட்டுப் பார்ப்பது இங்கே வழக்கம். பெரிய நாட்டில் ஏதாவது ஆனால் பேப்பரில் வரும். சின்ன நாட்டில் கேட்பாரில்லை. பட்டியலில் பதினாறு நாடு இருந்தது. ஒன்றைச் சொல்லு என்றார் மேலதிகாரி. நம் நாட்டைத்தான் சொன்னேன். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று நானே படித்துச் சரிபார்க்கலாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், ஒரு வாரம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். தேர்தல் மாதம் என்றும் தெரியும். கூட்டம் இருக்கும், எண்கள் சீக்கிரம் வரும் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் படிக்கவில்லை. எண்கள் நன்றாக இருந்தன, கைதட்டினார்கள், மற்ற நாடுகளுக்கும் திறந்துவிட்டோம். ஒரே ஒரு நாள் படித்திருந்தால் முதல் பக்கத்திலேயே உன் பெயர் இருந்திருக்கும்.

உன் பதில்களைக் குறை சொல்லி எழுதினேனே, அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை.

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன், விசாரணை அதிகாரிக்கு. எந்தத் தேதியிலிருந்து, எதனால், எத்தனை பேருக்குக் காட்டப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெளியே சொல்லக்கூடாத விஷயம், தெரிந்தால் வேலை போகும். கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

உன் தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். நானூற்றுப் பதினொரு தடவை அவருக்காகப் பேசினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை நானே தூக்கிக்கொண்டு போய் வீடு வீடாகக் காட்டியிருக்கிறேன். கோபம் மறுநாள் காலையில் வந்தது.

அத்தானிடம் காட்டினேன். “கிழிச்சுப் போடு. சின்னப் பையன், வேலை போயிடும்” என்றார். நான் கிழிக்கவில்லை. முடிவை என் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது உனக்குப் புதிதில்லை, எனக்கும் பழகிவிட்டது. கடைசி விசாரணைக்கு நானே எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். “அப்போ இவங்க யாரும் நேர்ல பார்த்துட்டுச் சொல்லலை. காட்டினதைச் சொல்லியிருக்காங்க” என்றார். பிறகுதான் பெட்டியில் என்னென்ன இருந்தது என்ற பட்டியலையே கொண்டுவரச் சொன்னார். அதுவரை யாரும் கேட்கவில்லை. ஆதாரம் இல்லை என்று நேற்று உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.

உன் தாள் கோப்பில் இருக்கிறது. பேப்பர்காரர்கள் நகல் கேட்டிருக்கிறார்கள். உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

உன்மேல் வருத்தமில்லை என்று எழுதச் சொன்னார் அத்தான். எழுதிவிட்டேன். அது அவர் சொல்வது. தேர்தல் மாதம் என்று தெரிந்தே செய்தாய் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலை போனால் நேராக இங்கே வா. மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவேன். உன்னோடு பேசுவது எப்போது என்று மட்டும் இப்போது கேட்காதே.

அக்கா