நீ கேட்ட கிராபிக்ஸ் கார்டு விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் முழங்காலும் என் தையல் மெஷினும் மட்டும் முறை வைத்து மக்கர் பண்ணுகின்றன. நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லாவிட்டாலும் இதைக் கடைசிவரை படித்துவிடு. போனில் பேசாமல் என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் ‘அம்மா, ஒரு மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது பார். எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறேன். வெட்டு மேசையில் திரைத்துணியை ஒதுக்கிவிட்டு எழுதுவதால் எழுத்து மேலும் கீழுமாகப் போகும், நடுவில் அளவு கொடுக்க ஆள் வந்தால் எழுந்து போவேன், எங்கே விட்டேன் என்பதும் மறந்துபோகும், நீதான் கோத்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் நீ கேட்ட கிராபிக்ஸ் கார்டுதான். ‘என் ரூம்ல இருக்கிற பழைய பிசிக்கு நல்ல கார்டா ஒண்ணு போட்டு வைம்மா, அடுத்த மாசம் வர்றேன்’ என்று ஒரு வரி அனுப்பினாய், அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கல்யாணமாகிப் போனதிலிருந்து நீ அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. வந்தால் பத்து நாள், அதில் பாதி தூக்கம், மீதி தோழிகள் வீடு. போன தடவை அதன்மேல் நான் போர்த்தியிருந்த துணியைக்கூட நீ விலக்கிப் பார்க்கவில்லை. இப்போது திடீரென்று அதற்குப் புதுக் கார்டு எதற்கு என்று நான் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள். கூப்பிட்டு, மாப்பிள்ளையும் வருகிறாரா என்று கேட்டால் ‘அந்தக் கார்டுக்கு இருக்கிற பவர் சப்ளை பத்துமான்னு கேக்கணும்மா’ என்கிறாய். ஏன் குரல் கம்மியிருக்கிறது என்றால் ‘பழசுல மெமரி கம்மிம்மா, புது கேம் எதுவும் ஓடாது’ என்கிறாய். எத்தனை நாள் லீவு என்றால் லைன் சரியில்லை. எதைக் கேட்டாலும் சுற்றிக்கொண்டு கார்டில் வந்து நிற்கிறாய். அப்பாவிடம் சொன்னால், ‘பிள்ளை வெளையாடக் கேக்குது, இதுக்குப் போய் ஏன் வீட்டைச் சுத்திச் சுத்தி வர்ற, பத்து நாளைக்கு வர்றவளுக்குச் சின்னதா ஒண்ணு வாங்கிப் போடு’ என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அவருக்கென்ன, லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே காலத்தை ஓட்டியவர், நடுவழியில் நின்றால்தான் திறந்து பார்ப்பார், ஓடுகிறவரைக்கும் கை வைக்கமாட்டார்.

சரி என்று கடைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் கடைத் தெரு, நீ படிக்கும்போது என்னைக் கால் கடுக்க நிற்கவைத்தாயே, அதே தெரு. கடையில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிறவள், நான் அவளுக்கு மனசுக்குள் கண்ணாடி என்று பேர் வைத்துவிட்டேன். கார்டு என்றதும் எடுத்துக் கொடுப்பாள் என்று பார்த்தால் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறாள். வெளையாட மட்டுமா, வேலையும் பண்ணுவாங்களா என்றாள். நீ வீட்டு அலமாரி, சமையலறையெல்லாம் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் நிஜம்போல வரைந்து காட்டுகிற வேலையில் இருக்கிறாய் என்றேன். ‘அந்த வேலையை இங்க வந்தும் பண்ணுவாங்களாம்மா’ என்றாள், எனக்குத் தெரியவில்லை. விளையாட்டுக்கு மட்டும் என்றால் எட்டு ஜிபி மெமரி உள்ளது போதுமாம், வரைகிற வேலையும் உண்டென்றால் பதினாறு இருந்தால்தான் திணறாதாம். மானிட்டர் பழசேதானா, பெருசா மாத்துவாங்களா என்றாள், அதுவும் தெரியவில்லை. கடைசியில் ‘சரிம்மா, எத்தனை வருஷத்துக்கு வேணும்’ என்று கேட்டாளே பார். லீவுக்கு வந்து விளையாடிவிட்டுப் போகிறவர்களுக்குச் சின்னது போதும், வேறு எதையும் மாற்ற வேண்டாம், இங்கேயே இருந்து தினம் உட்காருகிறவர்கள் என்றால் பவர் சப்ளையையும் மாற்றிப் பெரியதாகப் போடுங்கள், ஐந்தாறு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பெற்ற மகளைப் பற்றிக் கேட்ட கேள்வியில் ஒன்றுக்குக்கூட எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன், வந்த வேகத்தில் குடையை அங்கேயே விட்டுவிட்டேன், மறுநாள் அப்பாதான் போய் எடுத்து வந்தார்.

இரு, ஆள் வந்திருக்கிறது. வந்துவிட்டேன், மாடி வீட்டு டீச்சர்தான், அவள் ஜன்னல் திரைக்கு இன்னும் துணியே வெட்டவில்லை, உன்னால் எல்லா வேலையும் தேங்கிக் கிடக்கிறது. என்ன சொல்லிக்கொண்டிருந்தேன், எத்தனை வருஷத்துக்கு என்று கண்ணாடி கேட்டாள். நானும் அதைக் கேட்டுத்தானே பிழைப்பு நடத்துகிறேன். திரை தைக்க யார் வந்தாலும் சொந்த வீடா, வாடகை வீடா என்றுதான் முதலில் கேட்பேன். வாடகை என்றால் லேசான துணி, கீழ்மடிப்பில் ஒரு ஜாண் கூடுதலாக விட்டுத் தைத்துக் கொடுப்பேன், அடுத்த வீட்டு ஜன்னல் உயரமாக இருந்தால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். சொந்தம் என்றால் கனமான துணி. போன வாரம் ஒருத்தி வந்தாள், உன் வயசுதான் இருக்கும், வழக்கம்போலக் கேட்டேன், ‘ரெண்டும் இல்லக்கா, எங்க அம்மா வீடு’ என்றாள். எனக்குக் கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு எதை வெட்டுவது. கனமானதையே வெட்டினேன், அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

என் தவிப்பு உனக்குப் புரிகிறதா பாப்பா. சின்னக் கார்டு போட்டு வைத்தால், நீ வந்து திறந்து பார்த்ததும், அம்மா நம்மைப் பத்து நாளில் மூட்டை கட்டச் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவாயோ. பெரியது போட்டால், பெற்றவளே உன் குடித்தனம் கலைந்ததாக முடிவு கட்டிய மாதிரி ஆகிவிடுமோ. மாப்பிள்ளையை நான் ஒரு சொல் குறை சொல்லவில்லை, இங்கே வந்திருந்தபோது நான் கேட்காமலே பரண்மேல் இருந்த துணி மூட்டைகளையெல்லாம் இறக்கிக் கொடுத்தவர். உங்களுக்குள் என்ன என்பது எனக்குத் தெரியாது, ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், நானே கற்பனை பண்ணிக்கொண்டு அல்லாடுகிறேன் என்றும் இருக்கலாம். சின்ன அத்தை போன் பண்ணி ‘பாப்பா இந்தத் தடவை எத்தனை நாள் இருக்கும்’ என்று தோண்டினாள், நான் பவர் சப்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், அவளே போனை வைத்துவிட்டாள். உன்னிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

இப்படியே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, பெரியதே வாங்குவது என முடிவு பண்ணினேன். கடைக்கு போன் பண்ணினால், பெட்டிக்கு உள்ளே எவ்வளவு நீளம் இருக்கிறது என்று கண்ணாடி கேட்டாள். அளவா, என்னிடமா. அப்பா பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி சைக்கிள் பம்பால் தூசி அடித்தார், இருவரும் மாறி மாறித் தும்மினோம், நான் டேப்பை வைத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் அளந்து சொல்லிவிட்டேன். ஜன்னலை அப்படித்தானே அளப்போம், நடுவில் கம்பி இருந்தாலும் திரைக்கு அது கணக்கில்லை. உள்ளே டிஸ்க் வைக்கிற தட்டு ஒன்று குறுக்கே நின்றது, அதைக் கண் பார்த்தது, கை கணக்கில் எடுக்கவில்லை. மூன்று விசிறி வைத்த கார்டு வந்தது, அப்பா சொருகப் பார்க்கிறார், தட்டில் இடித்து நிற்கிறது, நல்லவேளை அழுத்தவில்லை. இவ்வளவு வருஷம் ஊர் ஜன்னலையெல்லாம் அளந்தவள் சொந்த மகளின் பெட்டிக்குத் தப்பாக அளந்துவிட்டேன். அப்பா அந்தத் தட்டை அறுத்துவிடலாமா என்று ரம்பம் தேடினார், நான் போட்ட சத்தத்தில் வைத்துவிட்டு, ‘விடு, நமக்குச் சின்னதுதான்னு இருக்கு போல, மாத்திட்டு வந்துடு’ என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கார்டுக்காக அழுத அம்மா இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் கார்டைத் தூக்கிக்கொண்டு போனேன். சின்னதே கொடும்மா, விட்டது தொல்லை என்றேன். கண்ணாடி என் முகத்தைப் பார்க்காமல் ‘சின்னது ஸ்டாக் இல்லம்மா, பெட்டியைத்தான் மாத்தணும், பெரிய கேபினெட்டா எடுத்து வச்சிருக்கேன்’ என்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஷோகேஸில் சின்னக் கார்டு அடுக்கி வைத்திருக்கிறது. நான் கையை நீட்டிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள், பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. ‘சார்தாம்மா காலையில போன் பண்ணி இப்படிச் சொல்லச் சொன்னாரு’ என்றாள். எந்த சார் என்றேன். உங்க வீட்டுக்காரர்தான் என்றாள். குடை எடுக்கப் போனாரே, அன்றைக்கே அவளிடம் உட்கார்ந்து, இருப்பதிலேயே நிறைய வருஷம் தாங்குவது எது என்று கேட்டு வைத்திருக்கிறார். ‘எம் பொண்ணு இந்தத் தடவை வந்தா திரும்பிப் போகாதோன்னு தோணுது, அவ குரலைக் கேட்டா எனக்குத் தெரியும், அவங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, ஏற்கெனவே தவிச்சுக்கிட்டிருக்கா’ என்று சொல்லியிருக்கிறார். பத்து நாள், பத்து நாள் என்று வீட்டில் என்னை அதட்டிக்கொண்டிருந்த மனுஷன். நான் கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், கண்ணாடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆட்டோவில் அந்தப் பெரிய பெட்டியோடு வந்து இறங்கினேன். வாசலில் நின்றவர், ‘என்ன இது, இவ்வளவு பெருசா’ என்றார், முகத்தில் ஒரு சலனம் இல்லை. சின்னது ஸ்டாக் இல்லையாம் என்றேன். அப்படியா என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உன் அறைக்குக் கொண்டுபோனோம். நம்மால் ஆகாது என்று பொருத்துவதற்குக் கண்ணாடியையே வரச் சொன்னோம், பவர் சப்ளையையும் மாற்றிப் பொருத்தினாள், பழைய ப்ராசஸர் இந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்காது, பின்னால் அதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் அப்பா உன் கார் பந்தயத்தைப் போட்டுக்கொண்டு சுவரில் சுவரில் மோதுகிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை.

இனி நேராகவே எழுதிவிடுகிறேன் பாப்பா. நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்து, பத்து நாள் விளையாடி, சிரித்துவிட்டுப் போனால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் கிடையாது, பெரிய கார்டு வீணாயிற்றே என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். நீ தனியாக வந்தால் வாசலில் வைத்து ஏன், எதற்கு என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்வோம், சொல்லாவிட்டால் சோறு போடுவோம். ஊர் வாயை, முக்கியமாகச் சின்ன அத்தை வாயை, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வந்து இங்கேயே இருந்துவிடுவாயோ என்று எனக்குப் பயம் இல்லை. அங்கே ஒருத்தியாக எதையோ தாங்கிக்கொண்டு, அதைச் சொல்ல வாய் வராமல், கார்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாயே, அதை நினைத்தால்தான் கைகால் ஓடவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே, மீட்டிங் மீட்டிங் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பா தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார், அவர் கடைக்குப் போன கதை உனக்குத் தெரியாததாகவே இருக்கட்டும். எங்கே இருந்தாலும் மனசு நிம்மதியாக, தலை நிமிர்ந்து, நூறு வயசு நன்றாக இரு. டிக்கெட் போட்டதும் மறக்காமல் வருகிற தேதியை மட்டும் எழுது, இரண்டு பேரும் விமான நிலையத்துக்கு வருவோம். திரும்புகிற தேதியை நாங்கள் கேட்கவில்லை.

உன் அம்மா