குருநகர் விலாசம்

நீர்வேலி,
12.02.2020

அன்பு யசிந்தாவுக்கு,

உமக்காக நான் எங்கள் பிள்ளையாரிடமும் எனக்காக நீர் உங்கள் அந்தோனியாரிடமும் சொல்லிவைப்பது கோப்பாய் ஆசிரியர் கலாசாலைக் காலத்து ஒப்பந்தம் அல்லவா? என் பங்கைத் தவறாமல் செய்துவருகிறேன். உம்முடைய பங்கும் நடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு பிள்ளை கிடைத்திருப்பானா? கீர்த்திகனுக்கு இப்போது ஐந்து மாதம். குப்புறப் புரண்டுவிட்டு, திரும்பத் தெரியாமல் கத்துகிறான்.

கடிதம் எதற்கு என்று சிரிப்பீர். பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் உம்முடைய படலையில் நிற்பேன். ஆனால் இதை முகம் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனில் கேட்டால் யோசிக்காமல் ஓம் என்றுவிடுவீர்.

உமக்குத் தெரியும், என் பள்ளிக்கூடத்தில் இப்போது அறுபத்தொரு பிள்ளைகள்தான். காலை ஆறே முக்காலுக்கு இந்த ஊரிலிருந்து ஏழு வான்கள் யாழ்ப்பாணத்துக்குப் போகின்றன. வாழைக்குலை ஏற்றிய லொறி முன்னால் போகும், பிள்ளைகளை ஏற்றிய வான் பின்னால் போகும். றோட்டோரத் தோட்டங்களை வெட்டி மதில் கட்டிக் குடிவந்த புது ஆட்களும் படுத்து எழும்பத்தான் இங்கே இருக்கிறார்கள். காய்ச்சல் என்றாலும் யாழ்ப்பாணம், சட்டை என்றாலும் யாழ்ப்பாணம்.

இவர் பிள்ளை பிறந்த அன்றே தொடங்கிவிட்டார். "உன்ரை பள்ளிக்கூடத்திலை என்ரை பிள்ளையை விடேலாது, வித்தியா. நீ படிப்பிக்கிறாய் எண்டதுக்காக அவன்ரை வாழ்க்கையைப் பழுதாக்காதை." யாழ்ப்பாணத்தில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க, ஐந்து வருடம் வாக்காளர் இடாப்பில் அந்த இடத்து விலாசம் இருக்க வேண்டுமாம். உம்முடைய வீட்டில் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் பதியலாமா?

ஊர் ஊராகப் போய் "பிள்ளையளை என்னட்டை விடுங்கோ" என்று கெஞ்சுகிற பள்ளிக்கூட அதிபர் கேட்கிற கேள்வியா இது என்று நினைப்பீர். ஓம், நினையும். நானும் அதைத்தான் நினைக்கிறேன்.

உம்முடைய
வித்தியா

*

38, ஆறாம் ஒழுங்கை,
குருநகர்,
20.02.2020

என் அன்பு வித்தியா,

உம்முடைய கடிதம் எட்டுக் கிலோமீற்றர் வர ஐந்து நாள் எடுத்திருக்கிறது. நடந்து வந்திருந்தால் மத்தியானச் சோற்றுக்கு வந்திருக்கலாம்.

ஓம். நன்றாக யோசித்துத்தான் ஓம் என்கிறேன். இடாப்பு எழுதுகிற விதானையாரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "ரீச்சர், வீடு நிறைஞ்சு போச்சு போலை" என்று பகிடி விட்டார். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. என் மனுஷன் கண்ணை மூடி, நிரோஜினியும் கல்யாணம் முடித்து பிரான்ஸுக்குப் போனபிறகு, இந்த வீட்டில் என்னோடு கதைக்கிறது ரேடியோ மட்டும்தான். இடாப்பில் எனக்குக் கீழே உங்கள் இரண்டு பெயரையும் எழுதினபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். விசரி என்று சொல்லும்.

ஒரேயொரு நிபந்தனை. கடதாசியில் மட்டும் இருக்கக் கூடாது. மாதத்தில் ஒரு நாளாவது பிள்ளையோடு வந்து தங்க வேண்டும். நிரோஜினியின் அறையைக் கூட்டி, கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டுவிட்டேன். நண்டு போட்டு ஒடியற்கூழ் காய்ச்சுகிறேன். உமக்கு நண்டு கூடாது என்று சொல்லி இருவருக்குமானதை நான் ஒருத்தியே சாப்பிட்ட காலம் நினைவிருக்கிறதா?

வரும் சனிக்கிழமை பார்த்துக்கொண்டிருப்பேன்.

உம்முடைய வீட்டுக்காரி
யசிந்தா

*

நீர்வேலி,
03.09.2024

அன்பு யசிந்தாவுக்கு,

உம்மிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நாலரை வருடத்தில் ஒரு இரவாவது வந்து தங்கவில்லை. முதலில் கொரோனா, பிறகு பெற்றோல் வரிசை, பிறகு என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. யாழ்ப்பாணம் வருகிற அன்றெல்லாம் அலுவல் முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறேன்.

பிள்ளை அங்கே இருக்கிறானா என்று பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து வீடு பார்க்க ஆட்கள் வருவார்களாம். இவரிடம் ஒரு பை கொடுத்து விடுகிறேன். கீர்த்திகனின் இரண்டு சேட், ஒரு சோடிச் செருப்பு, பல் தீட்டுகிற பிறஷ். அவனுடைய சின்ன சைக்கிளும் வரும். செருப்பை வாசலில் விடும். சேட்டைக் கொடியில் போட்டுவிடும். அவனுக்கு விலாசம் பாடமாக்கியிருக்கிறேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் "முப்பத்தெட்டு, ஆறாம் ஒழுங்கை, குருநகர்" என்கிறான். ஒரு நாள் மாறி நீர்வேலி என்றவனுக்கு இவர் குட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலாம் வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளிக்கூடத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்களாம். நேற்றுத் தில்லைநாதன் வீட்டுக்குப் போனேன். வாழைத் தோட்டக்காரர், விடிய வெள்ளாப்பிலேயே தண்ணீர் கட்டிவிட்டு நின்றார். மகள் கஜானிக்கு ஐந்து வயது. "எல்லாம் சரி ரீச்சர், உங்கடை பெடியனை எங்கை விடப்போறியள்?" என்று கேட்டார்.

"இங்கைதான்" என்று சொன்னேன்.

"அப்ப எனக்கென்ன பயம்? என்ரை பிள்ளையும் உங்களிட்டைத்தான்" என்று சொல்லி, ஒரு கதலிக் குலையை வெட்டி சைக்கிளில் கட்டிவிட்டார். அந்தப் பழத்தில் ஒன்றையும் நான் தொடவில்லை. கஜானிதான் பத்தாவது பிள்ளை.

வித்தியா

*

குருநகர்,
09.12.2024

அன்பு வித்தியா,

முதலில் நல்ல சேதி. கீர்த்திகனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நீரும் பார்த்திருப்பீர்.

வீடு பார்க்க வந்த அன்று மழை. இரண்டு பேர் குடையோடு வந்தார்கள். பிள்ளை எங்கே என்றார்கள். தாயோடு உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றேன். அப்போது அவர்களில் ஒருவர் முற்றத்தைப் பார்த்து, "ரீச்சர், பிள்ளையின்ரை உடுப்பு மழையிலை நனையுதெல்லோ" என்றார். இருந்தால் அல்லவா எடுக்க நினைவு வரும்? பிள்ளை இருக்கிற வீட்டில் மழைக்கு உடுப்பு கொடியில் கிடக்குமா? ஓடிப்போய் எடுத்தேன். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தவள் மாதா படத்துக்கு முன்னால் நின்று ஈரச் சேட்டைப் பிழிந்தேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கோபிக்காமல் வாசியும். எங்கள் ஒழுங்கைக் கடைசியில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிற அடைக்கலநாதனை உமக்குத் தெரியாது. கடலுக்குப் போகிறவன். அவனுடைய மகன் கிறிஸ்ரோபருக்கும் உம்முடைய பிள்ளையின் வயதுதான். அவர்கள் பிறந்த நாளிலிருந்து இந்த ஒழுங்கையில்தான். ஆனால் வீட்டுக்காரர்கள் ஒருவரும் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதில்லை, இடாப்பிலும் பெயர் ஒழுங்காக ஏறவில்லை.

பட்டியல் போட்ட அன்று அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். "எழுத்துச் சின்னன் ரீச்சர், ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ." கிறிஸ்ரோபரின் பெயர் எடுபட்ட பெயர்களில் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் முதலாவது. மேலே ஒவ்வொரு பெயராக விலாசத்தோடு வாசித்துக்கொண்டு வந்தவள், ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அவன் எட்டிப் பார்த்தான்.

"உது உங்கடை வீடெல்லோ ரீச்சர்? உங்கடை வீட்டிலை சின்னப்பிள்ளை ஒண்டும் இல்லையே?"

போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். அவன் சண்டை பிடிக்கவில்லை. "என்ரை மோன் அந்தப் பள்ளிக்கூட மணி கேட்டுத்தான் எழும்புறவன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வித்தியா, பள்ளிக்கூடம் தொடங்குவதற்குள் வேண்டாம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் அந்த இடம் அவனுக்குப் போகும். உம்முடைய பிள்ளைக்கு உம்முடைய பள்ளிக்கூடம் இருக்கிறது. உம்மைவிட நல்ல ரீச்சர் அவனுக்கு எங்கே கிடைப்பாள்? உம்மை நம்பித்தானே தில்லைநாதனும் பிள்ளையை விட்டிருக்கிறார்?

யசிந்தா

*

நீர்வேலி,
20.12.2024

யசிந்தாவுக்கு,

உம்முடைய கடிதத்தை இவருக்குக் காட்டவில்லை. நான்கு தரம் வாசித்தேன்.

நான் மட்டுமா செய்தேன்? அந்தப் பட்டியலில் எத்தனை விலாசம் உண்மை என்று நினைக்கிறீர்? மானிப்பாயிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் வருகிற பிள்ளைகள் எல்லாம் காற்றிலா வருகிறார்கள்? நான் விட்டுக்கொடுத்தால் ஊர் திருந்திவிடுமா?

உமக்கு யாழ்ப்பாணம் படலையில் கிடக்கிறது. கேட்காமலே கிடைத்தது. நாங்கள் விடிய எழும்பி அதற்குப் பின்னால் ஓட வேண்டியவர்கள். என் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்க ஆள் இல்லை. கூரையில் இரண்டு ஓடு இல்லை. நான் நல்ல ரீச்சர்தான், ஆனால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்தி என்ன செய்வேன்? என் ஒரே பிள்ளையை வைத்து என் நேர்மையைக் காட்டச் சொல்கிறீரா?

கிறிஸ்ரோபருக்காக எனக்கு மனவருத்தம்தான். ஆனால் நான் விடமாட்டேன். நீர் தாய்தானே, உமக்கு விளங்க வேண்டும்.

வித்தியா

*

நீர்வேலி,
16.02.2025

அன்பு யசிந்தாவுக்கு,

இரண்டு மாதமாக உம்முடைய பதில் இல்லை. தபாலைக் குற்றம் சொல்ல ஆசையாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று கீர்த்திகனை விடிய முதலே வானில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். வான் பிந்திவிட்டது. வெள்ளை உடுப்பும் புதுச் சப்பாத்துமாக அவன் சந்தியில் நிற்க, தில்லைநாதன் கஜானியைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார். அந்தப் பெட்டை "கீர்த்தி, நீ வரேல்லையே?" என்று கூப்பிட்டாள். தில்லைநாதன் சைக்கிளை நிறுத்தினார். பிள்ளையின் கழுத்து ரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லது ரீச்சர்" என்றார். அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு கிழமைக்குள் கஜானியோடு நான்கு பிள்ளைகளின் விடுகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒருவரும் என்னோடு சத்தம் போடவில்லை. நீர் சொன்னது இப்போது விளங்குகிறது, சண்டை பிடித்தால் ஆறுதல்தான்.

ஒரு வரியாவது எழுதும்.

வித்தியா

*

குருநகர்,
22.06.2025

வித்தியாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நீர் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது கதைக்க முடியவில்லை. நீரும் அழுதுகொண்டு நின்றீர். அதனால் எழுதுகிறேன்.

அன்று நடந்தது உமக்கு முழுதாகத் தெரியாது. பள்ளிக்கூடம் முடிந்து வான் பிள்ளையை ஏற்ற மறந்து போனதும் அவன் தன்பாட்டில் றோட்டுக்கு வந்திருக்கிறான். பொலிஸ்காரர் விலாசம் கேட்க, நீர் பாடமாக்கியதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லியிருக்கிறான். பொலிஸ் என் படலையில் வந்து, "உங்கடை பிள்ளையா?" என்று கேட்டது. ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. பிள்ளை என்னைப் பார்த்து, "அன்ரி, இது எங்கடை வீடெல்லோ? என்ரை அறை எது?" என்றான். அவனைப் பொய்யனாக்க எனக்கு மனம் வரவில்லை. ஓம் என்றேன்.

உங்களுக்குப் போன் எடுத்தும் எடுபடவில்லை. அழுதுகொண்டிருந்தவனுக்கு அடைக்கலநாதனின் மனுஷி சோறு குழைத்துத் தீத்தினாள். கிறிஸ்ரோபர் கீர்த்திகனுடைய அந்தச் சின்ன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிரோஜினியின் அறையில் இப்போது அடைக்கலநாதன் குடும்பம்தான் இருக்கிறது. சித்திரை மாதம் வந்தார்கள். கிறிஸ்ரோபர் பஸ்ஸில் தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போகிறான். அவனுக்குப் பிந்திவிட்டது, அவனுடைய தங்கச்சிக்காவது விலாசம் இருக்கட்டும்.

இந்த வருடத்து இடாப்புக்கு விதானையார் வந்தார். உங்கள் இரண்டு பேரின் பெயரையும் வெட்டச் சொன்னேன். "ஏன் ரீச்சர், எங்கை போயிட்டினம்?" என்று கேட்டார்.

"அவை இஞ்சை ஒருநாளும் இருக்கேல்லை" என்று சொன்னேன்.

சொன்னபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஐந்து வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த விரிப்பை மாற்றினேன், வித்தியா.

யசிந்தா

*

நீர்வேலி,
14.09.2025

யசிந்தா,

உம்முடைய கடிதம் வந்து மூன்று மாதமாகப்போகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

பள்ளிக்கூடத்தைச் சேர்த்துவிட்டார்கள். கடைசி நாள் இடாப்புகளைக் கட்டி ஒப்படைத்துவிட்டு மணியை நானே அடித்தேன். கேட்க ஐந்தாறு பிள்ளைகள்தான் நின்றார்கள். எனக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம். இப்போது நானும் காலை ஆறே முக்காலுக்குக் கீர்த்திகனோடு அதே வானில் போகிறேன். உம்முடைய ஒழுங்கை முகப்பை ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் கடக்கிறோம். "அன்ரி வீடு" என்று அவன் கை காட்டுவான். இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீர் செய்தது சரி. நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். கிறிஸ்ரோபருக்கும் இடம் இருந்திருக்கும், கஜானியும் என் வகுப்பில் இருந்திருப்பாள், உம்முடைய வீட்டில் நண்டுக்கூழ் வாசத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன். எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

கீர்த்திகனுக்கு இப்போது சரியான விலாசத்தைப் பாடமாக்குகிறேன். வரவே இல்லை. நீர்வேலி என்று தொடங்கினாலும் முப்பத்தெட்டில்தான் கொண்டுபோய் முடிக்கிறான். அவனை ஒருவரும் இனிக் குட்டுவதில்லை.

இந்தக் கடிதத்தை நாளைக்கு யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் தபாலில் போடுவேன், அடுத்த நாளே உமக்குக் கிடைக்கும். பதில் எழுத மனம் வந்தால் நீர்வேலிக்கு எழுதும். அங்கேதான் நாங்கள் இருக்கிறோம்.

வித்தியா